விரிசலுக்கு மேல் பூசிய சுவர்

லோமா செக்கா,
செப்டம்பர், மழை விடாத வாரம்

அன்பு மகள் நொயெமிக்கு அம்மா செனைடா எழுதுவது. சிகாகோவில் குளிர் தொடங்குவதற்குள் அந்தக் கிழிந்த கோட்டைத் தூக்கிப் போட்டுவிட்டு நல்லதாக ஒன்று வாங்கியிருப்பாய், சுவர் பூசச் சாரத்தில் ஏறி இறங்கி வீங்கிய முழங்கால் வடிந்திருக்கும், வேளைக்குச் சாப்பிடுகிறாய் என்று நம்பிக்கொண்டு, கன்னி மரியாளின் படத்துக்கு முன்னால் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். இங்கே அப்பாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, எனக்கு இருமல் போய்விட்டது, உடம்பைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால் இருவரும் நலம். ரெமிஹியோ மாமா உன்னை விசாரித்தார், மாமி சமையலறையில் எனக்கு ஒரு அடுப்பு ஒதுக்கிக் கொடுத்திருக்கிறாள், நல்லவள், ஆனால் என் கை உப்பு அவளுக்குப் பிடிப்பதில்லை.

மாமா வீட்டில் உனக்கு எதற்கு அடுப்பு என்று கேட்பாய். நீ போன் செய்யும்போதெல்லாம் வீடு நன்றாக இருக்கிறது என்று அப்பா சொல்கிறார், நானும் பின்னாலிருந்து ஆமாம் என்று குரல் கொடுக்கிறேன், நீ வீட்டைக் காட்டச் சொன்னால் கேமரா கெட்டுவிட்டது என்கிறார். கேமரா கெடவில்லை கண்ணு. வீடுதான் இல்லை. உன் அறை விழுந்துவிட்டது, மிச்சம் நிற்பதைச் சுற்றி மஞ்சள் நாடா கட்டி வாசல் கதவில் சிவப்புச் சாயத்தில் குறி போட்டுவிட்டார்கள், உள்ளே போகக் கூடாது. யாருக்கும் அடிபடவில்லை, முதலில் அதைப் படித்து மூச்சு விட்டுக்கொள். போனில் சொல்லியிருப்பேன், அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார், உன் குரலைக் கேட்கும் அந்தக் கொஞ்ச நேரம்தான் அவர் முகத்தில் ஏதோ இருக்கிறது, அதைப் பிடுங்க எனக்கு மனம் வரவில்லை. அதனால் தபாலில் போடுகிறேன். நடந்ததை ஒன்றும் மறைக்காமல் எழுதுகிறேன், கடைசியில் உன்னிடம் ஒன்று கேட்கவும் போகிறேன், அதனால் முழுக்கப் படி.

எங்கே தொடங்கியது என்று உனக்கே தெரியும், உன் அறை ஜன்னல் மூலையிலிருந்து தலைமுடி போல ஒரு கோடு கீழே இறங்கியது. அப்பா அதன் மேல் காலண்டரை மாட்டினார். கோடு காலண்டருக்குக் கீழே எட்டிப் பார்த்தது, அதைவிடப் பெரிய காலண்டராகப் பார்த்து வாங்கி வந்தார். அப்புறம் கதவு சாத்த மாட்டேன் என்றது, மொட்டை மாடித் தொட்டியின் குழாய் இணைப்பு விட்டுப்போய் ஒழுகியது, கீழே வைத்த தக்காளி தானே உருண்டு கட்டிலுக்கு அடியில் போனது. தெருக் கூட்டத்தில் மண்ணை ஆராய்கிற ஒரு பெண் வந்து படம் போட்டுக் காட்டினாள், நகரம் முழுவதும் குடிக்கும் தண்ணீர் எங்கள் காலடியிலிருந்து போகிறதாம், எங்களுக்கு லாரியில் வருகிறது, மண் வற்றி அங்கங்கே உட்கார்ந்து போக, நடுவே வெடித்து ஓடும் பிளவு மழை பெய்ததும் வாயைத் திறக்கிறதாம். எங்கள் தெருவைக் குறுக்கே வெட்டி அது போகிறது என்றாள். அப்பா எழுந்து, "ஆத்தா, நான் அந்தத் தெருவுலதான் காலமெல்லாம் பஸ்ஸ நிறுத்தினேன், அப்ப எங்க போச்சு உன் பிளவு?" என்று கேட்டார், எல்லாரும் சிரித்தார்கள், அவளும் பாவம் சிரித்தாள்.

அன்று ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால்தான் அவர் உன்னைக் கூப்பிட்டு வழி கேட்டது. நீ சொன்ன முதல் வார்த்தை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது, அப்பா, ஒன்றையும் பூசாதீர்கள், முதலில் விரிசலுக்குக் குறுக்கே உள்ளங்கை அகலம் ஜிப்சத்தைக் குழைத்து ஒரு பொட்டு வையுங்கள், காயட்டும், மழைக்காலம் பாதி போகும் வரை அதைத் தொடாதீர்கள், பொட்டு முழுசாக இருந்தால் விரிசல் செத்துப்போனது, மேலே பூசலாம், பொட்டு பிளந்தால் விரிசல் உயிரோடு இருக்கிறது, எவ்வளவு நல்ல பூச்சும் நிற்காது என்றாய். அப்பா பொட்டு வைத்தார். நீ மறுபடி கேட்டபோது, "பாறை மாதிரி நிக்குது மகளே" என்றார், நீயும் நம்பி அடுத்ததைச் சொல்லிக்கொடுத்தாய். பொட்டு உடைந்துவிட்டது நொயெமி. முதல் பெரிய மழைக்கே நடுவில் ஒரு மயிர்க்கோடு விழுந்தது, அடுத்த மழையில் ஒரு பாதி கீழே வந்துவிட்டது. அப்பா மிச்சத்தையும் கரண்டியால் சுரண்டி ஜெரேனியம் பூந்தொட்டிக்குள் போட்டு மண்ணைக் கிளறி மூடியதை நான் துணி காயப்போடும் இடத்திலிருந்து பார்த்தேன். பார்த்தேன் என்று அவருக்கும் தெரியும். நான் போய்ப் பீன்ஸ் வேகவைத்தேன்.

அதற்கப்புறம் அவர் வேலை செய்த விதத்தை நீ பார்த்திருக்க வேண்டும். பஸ் ஓட்டிய கை, ஒரு ஆணி நேராக அடிக்கத் தெரியாது, மாலையில் கட்டடச் சாமான் கடைக்குப் போய், மூலை நேராக வரப் பூச்சுக்குள் வைக்கும் ஓட்டை ஓட்டையான தகர மூலைப்பட்டைகளைத் தோளில் சாய்த்துக்கொண்டு கோயில் திருவிழாவுக்குக் கொடி தூக்குகிறவர் போல வந்தார். நீ மதியச் சாப்பாட்டு வேளையில் போனில் வருவாய், அவர் போனைச் சிமெண்டு மூட்டையில் சாய்த்து வைத்துக்கொள்வார். பட்டையை ஆணி அடித்து நிறுத்தாதீர்கள், தகடு நெளியும், மூலையின் இரண்டு பக்கமும் முழத்துக்கு ஒரு கட்டி ஜிப்சம் அப்பி அதில் பட்டையை அழுத்துங்கள், நீளப் பலகையை மேலே வைத்துத் தட்டி ரசமட்டம் பாருங்கள், ஓட்டை வழியே பிதுங்குவதை இறுகுவதற்குள் வழித்து எடுங்கள், தரையைத் தொடாமல் ஒரு விரல் தூக்கி வையுங்கள், ஈரம் ஏறினால் துருப்பிடித்துப் பூச்சைத் தள்ளிவிடும் என்று நீ சொல்லச் சொல்ல அவர் பள்ளிக்கூடப் பையன் மாதிரி தலையாட்டினார். விரிசலைக் கீறி அகலப்படுத்தி, தூசி தட்டி, தண்ணீர் தெளித்து அடைத்தார், அதன் மேல் சாண் அகலத்துக்கு நார்வலை ஒட்டினார், செங்கல்லும் கான்கிரீட் தூணும் சேரும் இடமெல்லாம் வலை போட்டார், வெயில் நேராக அடித்தால் பூச்சு சீக்கிரம் காய்ந்து வெடிக்கும் என்று நீ சொன்னதற்காக என் நல்ல போர்வையை நனைத்து ஜன்னலில் தொங்கவிட்டார். ஒன்றை மட்டும் கேட்கவில்லை. நீளச் சுவரின் நடுவே இடைவெளி விட்ட பட்டை ஒன்றை வைத்துவிடுங்கள், சுவர் நகர்ந்தால் அந்த இடைவெளி வாங்கிக்கொள்ளும் என்றாய் அல்லவா, அதற்கு, "நல்ல சுவத்துக்கு நடுவுல நானே பிளவு வைக்கணுமா?" என்று போனை அணைத்துவிட்டு முணுமுணுத்தார். ஆனாலும் முடிந்தபோது உன் அறை மூலை நூல் பிடித்த மாதிரி இருந்தது. என்னைக் கூப்பிட்டு, "கிழவி, கைய வச்சுப் பாரு" என்றார். வைத்துப் பார்த்தேன். ஓய்வு பெற்ற பிறகு அவர் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை, அதனால் நானும் சிரித்தேன், சுவருக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரிந்தே சிரித்தேன்.

எதற்காக அந்தப் பாடு என்று எனக்கு அப்போது புரியவில்லை. வாசலில் விற்பனைக்கு என்று அட்டை மாட்டியபோதுதான் புரிந்தது. "இதுல நாம சாகப் போறோமா? வித்துட்டு உங்க ஊர்ப் பக்கம் ரெண்டு ரூம் பாத்துப் போயிடலாம்" என்றார். வாங்குகிறவர்கள் என்ன ஆவார்கள் என்று கேட்டேன். "வாங்கறவன் சின்ன வயசுக்காரனா இருப்பான், அவன் சமாளிச்சுக்குவான், நம்மால முடியுமா?" என்றார். அவரைக் கெட்டவர் என்று நினைத்துவிடாதே. பயந்துபோன மனுசன், வாழ்நாள் முழுவதும் சேர்த்தது அந்தச் சுவர்கள்தான், அது மழைக்கு மழை கையிலிருந்து வழிவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வந்தவர்கள் உலிசெஸ், மரிக்ரூஸ் என்று ஒரு புருசன் பெண்டாட்டி. அவன் ரொட்டி வண்டி ஓட்டுகிறவன், வரும்போதெல்லாம் ஒரு பை நிறைய இனிப்பு ரொட்டி கொண்டுவருவான், அவளுக்கு வயிற்றில் குழந்தை. மாமியார் வீட்டில் ஒரே அறையில் திரை கட்டிக்கொண்டு இருக்கிறார்களாம். அவள் எங்கள் வீட்டுக்குள் நடந்த நடை எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது, ஒவ்வொரு சுவராகத் தொட்டுத் தொட்டுப் போனாள். உன் அறை மூலைக்கு வந்ததும் மேலிருந்து கீழ்வரை விரலை ஓட்டி, "எங்க மாமியார் வீட்ல ஒரு சுவராவது நேரா இருக்கா பாருங்க, இது என்ன டோன்யா அம்மா, கத்தியால வெட்டின மாதிரி இருக்கு!" என்றாள். அப்பா, "எம் பொண்ணு வேல அது, சிகாகோவுல பெரிய பெரிய கட்டடமெல்லாம் அவதான்" என்றார். மரிக்ரூஸ் ஜன்னலுக்குக் கீழே நின்று கையால் அளவு காட்டி, "தொட்டில் இங்க, காலை வெயில் வரும்" என்று புருசனிடம் சொன்னாள்.

நான் பேசக்கூடாது என்றுதான் இருந்தேன். காபி போட உள்ளே போனேன், பால் பொங்கி வழியும் வரை அடுப்பு முன்னால் நின்றேன். திரும்பி வந்தபோது அப்பா சாவிக்கொத்தைக் கையில் வைத்துக் குலுக்கிக்கொண்டிருந்தார், அவர்கள் எப்போது பத்திரம் எழுதிக்கொடுப்பது என்று பேசிக்கொண்டிருந்தார்கள். என் வாய் தானாகவே, "அந்த ரூம்ல குழந்தையப் படுக்க வைக்காத மகளே" என்றது. ஏன் என்று உலிசெஸ் கேட்டான். அப்பா சத்தமாகச் சிரித்து, "இவளுக்கு இடின்னா பயம் தம்பி, மழை வந்தா மேசைக்கு அடியில போயிடுவா" என்றார். அவனும் சிரிக்கப் போனான். நான் கையிலிருந்த தட்டை வைத்துவிட்டு, "கீழ பூமி பிளந்திருக்கு, சுவத்துக்குள்ள விரிசல் இருக்கு, மேல வலை போட்டு மூடியிருக்கோம்" என்று சொல்லிவிட்டேன். உலிசெஸ் எழுந்துபோய்ச் சுவரை விரல் முட்டியால் தட்டினான், ஒரு இடத்தில் கெட்டியாகவும் ஒரு இடத்தில் டொக் டொக்கென்றும் கேட்டது. மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு நடந்தான். அவள் வாசலில் திரும்பி என்னைப் பார்த்தாள், நன்றி என்று சொல்வாள் என்று நினைத்தேன், அவள் கண்ணில் இருந்தது கோபம், தொட்டிலைத் தூக்கி வெளியே எறிந்தவளைப் பார்ப்பது போல. ரொட்டிப் பை மேசையிலேயே இருந்தது, நாங்கள் இருவரும் அதைத் தொடவில்லை, கடைசியில் பக்கத்து வீட்டு மொட்டை மாடியில் நிற்கும் நாய்க்குப் போட்டேன்.

அன்றிலிருந்து அப்பா என்னோடு பேசவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். சட்டை வேண்டுமென்றால் தானே தேடினார், தட்டில் போட்டதைச் சாப்பிட்டுவிட்டு எழுந்து போனார், நீ போனில் வந்தால் மட்டும் குரல் வந்தது. அது அவரோடு மட்டும் முடியவில்லை. நான் சொன்னது தெரு முழுக்கப் பரவிவிட்டது, எதிர்வீட்டு டோன்யா கிரிஸ்பினாவும் வீட்டை விற்கப் பார்த்துக்கொண்டிருந்தாளாம், பார்க்க வந்தவர்கள் திரும்பிப் போய்விட்டார்கள். தேவாலயத்தில் உன் முதல் நற்கருணைக்குக் கவுன் தைத்துக் கொடுத்தவள், சந்தையில் என் கூடையைத் தள்ளிவிட்டுப் போனாள். "உன் வீட்டுச் சுவத்த மட்டுமா சொன்ன? எங்க எல்லார் சுவத்தையும் சேத்துல்ல இடிச்சுட்ட! உனக்கு என்ன, பொண்ணு வடக்க சிகாகோவுல இருக்கா. எனக்கு யார் இருக்கா?" என்று வெங்காயக் கடைக்கு முன்னால் வைத்துக் கேட்டாள். எல்லாருக்கும் தெரிந்ததைத்தான் சொன்னேன், ஆனால் எல்லாரும் சொல்லாமல் இருந்ததால்தான் அந்தத் தெரு நின்றுகொண்டிருந்தது போலிருக்கிறது.

அப்புறம் அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தது. தேவாலயத்தில் பூசை முடிந்து வந்து மதியம் சூப் ஊற்றிக் கொடுத்திருந்தேன், ஆலங்கட்டி மழை, கூரையில் கல்லைக் கொட்டுவது போல. திடீரென்று மழைச் சத்தத்துக்கு அடியில் வேறொரு சத்தம், திரைத்துணியைப் பல்லால் கடித்துக் கிழிப்பது போல நீளமாக. அப்பா கரண்டியைக் கீழே வைத்தார். என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு தெருவுக்கு ஓடினார், செருப்பு இல்லை, வாய் துடைக்கும் துணி அவர் சட்டைக் காலரிலேயே தொங்கியது. நாங்கள் வெளியே வந்து நிற்கவும் உன் அறை உட்கார்ந்தது. விழுந்தது என்று சொல்ல முடியாது, களைத்துப்போன ஆள் உட்காருவது போல மெதுவாக உட்கார்ந்தது. உன் கட்டில், அலமாரி, பள்ளிக்கூடத்தில் நீ வாங்கிய கோப்பை, அந்தப் பெரிய காலண்டர், எல்லாம் மண்ணோடு பிளவுக்குள் போயின. மாடி எடுப்போம் என்று மேலே நீட்டி விட்டு வைத்த கம்பிகள் வளைந்து தெருவைப் பார்த்தன. தூசி அடங்கியதும் பார்த்தால் இரண்டு பக்கச் சுவரும் இல்லை, நடுவில் அந்தத் தகர மூலை மட்டும் கொஞ்சம் பூச்சோடு கூரை விளிம்பைப் பிடித்துக்கொண்டு தனியாக நின்றது. அப்பா அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "பாரு, மூலை நேராத்தான் இருக்கு" என்றார். என்னிடம் சொல்லவில்லை, யாரிடமும் சொல்லவில்லை. அவர் காலரிலிருந்த துணியை நான் எடுத்தேன், அவர் தடுக்கவில்லை, அவ்வளவுதான்.

ரெமிஹியோ மாமா வந்து கூட்டிக்கொண்டு போனார். மறுநாளே நகராட்சி ஆட்கள் வந்து குறி போட்டார்கள், மரியாதையாகத்தான் பேசினார்கள், வேறு வீடு கொடுப்பது பற்றிப் பெயர் எழுதிக்கொண்டார்கள், எங்களுக்கு முன்னால் எழுதியவர்கள் இன்னும் காத்திருக்கிறார்களாம். அப்பா மாமாவிடம், எனக்குக் கேட்கும்படியே, "வித்திருந்தா அது எங்க தலையில விழுந்திருக்காது" என்றார். மாமா, "யோவ் அபுந்தியோ, அப்ப அந்தக் குழந்தை தலையில விழுந்திருக்கும்யா" என்றார். அப்பா எழுந்து வெளியே போய்விட்டார். நான் அந்தப் பதிலைப் பிடித்துக்கொண்டுதான் அதற்கப்புறம் நாட்களை ஓட்டினேன் நொயெமி. வீடு போனது, அவர் பேச்சுப் போனது, தெரு போனது, ஆனாலும் ஒரு குழந்தை அந்த ஜன்னலுக்குக் கீழே படுக்கவில்லை என்று ஒவ்வொரு நாளும் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதுவாவது மிச்சம் என்று நினைத்திருந்தேன்.

போன வாரம் சந்தையில் சமையலுக்குக் கற்றாழைத் துண்டு வாங்கும்போது யாரோ தோளைத் தொட்டார்கள், திரும்பினால் மரிக்ரூஸ், வயிறு முன்னால் தள்ளியிருந்தது. கோபமெல்லாம் இல்லை, கன்னத்தில் முத்தம் கொடுத்தாள். வீடு வாங்கிவிட்டோம் டோன்யா, வாங்க காட்டுகிறேன் என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். நடந்தோம், தண்ணீர் லாரி நிற்கும் இடம் தாண்டி, தேவாலயத்துக்குப் பின்பக்கம், அங்கே திரும்பியதுமே நான் நின்றுவிட்டேன். எங்கள் தெருவை வெட்டிப் போகும் அதே பிளவு, அந்தப் பெண் கூட்டத்தில் படம் போட்டுக் காட்டிய அதே கோடு, நேராக அங்கேதான் போகிறது. நடைபாதையில் சிமெண்டு பூசி மறைத்திருந்த தடம் எனக்குத் தெரிந்தது. உள்ளே போனால் புதுப் பூச்சு, புது வெள்ளை. நாற்காலியில் உட்காரச் சொன்னாள், நான் நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டினேன், இதுவும் அதேதான் மகளே, உனக்கு விற்றவன் மூடி வைத்து விற்றிருக்கிறான், இன்றைக்கே போய்க் கேள் என்றேன். அவள் நான் முடிக்கும் வரை காத்திருந்தாள். பிறகு, "தெரியும் டோன்யா" என்றாள். "உங்க வீட்டப் பாத்ததுக்கு அப்புறம் உலிசெஸ் எல்லாச் சுவத்தையும் தட்டித்தான் பாத்தார். தட்டிப் பாத்துட்டுத்தான் வாங்கினோம். பிளவு இல்லாத வீட்ட எங்களால எப்படி வாங்க முடியும், சொல்லுங்க. பிளவு பெருசாகறதுக்குள்ள குழந்தை நடக்கட்டும், பள்ளிக்கூடம் போகட்டும், அப்புறம் பாத்துக்கலாம். காபில சர்க்கரை எவ்வளவு போடட்டும்?" என்றாள். என் கையிலிருந்த கூடையை வாங்கி அவளே கீழே வைத்தாள். நான் காபியைக் குடித்தேன். எப்படி உள்ளே இறங்கியது என்று தெரியவில்லை.

எங்கள் வீட்டை வேண்டாம் என்று போனவர்கள் இன்னொரு பிளவுக்கு மேல் போய்த் தெரிந்தே குடியேறியிருக்கிறார்கள், அப்படியானால் நான் பேசியது எதற்கு, யாரைக் காப்பாற்றியது? அன்றைக்கு வாயை மூடிக்கொண்டு பால் பொங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தால் அப்பாவாவது இத்தனை நாளும் என்னோடு பேசிக்கொண்டிருந்திருப்பார். பாவசங்கீர்த்தனத்தில் பாதிரியாரிடம் கேட்டேன், நீ உண்மையைச் சொன்னாய், மற்றது கடவுள் கையில் என்றார். கடவுள் கையில் என்று சொன்னால் எனக்கு இப்போது அந்தத் தண்ணீர் வற்றிய மண்தான் நினைவுக்கு வருகிறது, பாவம்தான், பிதா மன்னிக்கட்டும்.

நான் கிளம்பும்போது உலிசெஸ் வேலை முடிந்து வந்தான். தயங்கித் தயங்கி, குழந்தை அறையின் மூலை உடைந்திருக்கிறது, உங்கள் வீட்டுக்காரர் அன்று போட்டது போல ஒன்று போட்டுத் தருவாரா என்று கேட்டான். கேட்டுப் பார்க்கிறேன் என்றேன். வீட்டுக்கு வந்து, அப்பாவைப் பார்த்துச் சொல்லாமல், மாமியிடம் சொல்வது போல அதைச் சொன்னேன். அவர் தலை நிமிரவில்லை. மறுநாள் காலை எழுந்து பார்த்தால் அவர் இல்லை, மாமாவின் கொட்டகையில் போட்டிருந்த ரசமட்டமும் பலகையும் இல்லை. மூன்று மணி வாக்கில் சோறு எடுத்துக்கொண்டு போனேன். குழந்தை அறையில் முட்டி போட்டு உட்கார்ந்து பட்டையைக் கலவையில் அழுத்திக்கொண்டிருந்தார், மரிக்ரூஸ் பக்கத்தில் நின்று பேசிக்கொண்டே இருந்தாள், அவர் முடியெல்லாம் வெள்ளைத் தூள். நடுச்சுவரில் தரையிலிருந்து கூரை வரை விரல் நுழையும் அளவு இடைவெளி விட்டு இரண்டு பட்டைகளை நிறுத்தியிருந்தார். என்னைப் பார்த்ததும், "உப்பு சரியா போட்டியா, இல்ல மாமிக்குப் பிடிச்ச கணக்கா?" என்று கேட்டார். இத்தனை நாள் கழித்து என்னைப் பார்த்துக் கேட்ட கேள்வி. சரியாகத்தான் போட்டிருக்கிறேன் என்றேன். நான் வெளியே போய்ச் சுவருக்குப் பின்னால் நின்று அழுதேன். சந்தோசம் என்று நினைக்காதே. அந்த இடைவெளி அவருக்கு எல்லாம் தெரிந்துவிட்டது என்று சொல்லிற்று, தெரிந்தும் பூசுகிறார், அவள் தெரிந்தும் குடியிருக்கிறாள், நான் தெரிந்தும் சோறு கொண்டுபோகிறேன்.

உன்னிடம் கேட்க வந்தது இதுதான் மகளே. இது உன் கைக்கு வந்தபின் நீ போன் செய்யும்போது அவர் உன்னிடம் கேட்பார், இப்படி ஒரு சுவர், கீழே இப்படி ஒரு மண், நடுவில் இப்படி ஒரு இடைவெளி விட்டிருக்கிறேன், நிற்குமா என்று. யார் வீடு என்று சொல்ல மாட்டார், நம் வீடு என்றுதான் சொல்வார், நீயும் தெரியாதது போல இரு. நிற்கும் என்று சொல். உன் தொழிலில் நீ பொய் சொல்ல மாட்டாய் என்று தெரியும், சொல்ல வேண்டியவர்களுக்கெல்லாம் உண்மையை நான் சொல்லிவிட்டேன், அது யாரையும் எங்கேயும் நகர்த்தவில்லை. அவருக்கு நாளைக்குக் காலையில் எழுந்திருக்க ஒன்று வேண்டும். மழை முடிந்ததும் மரிக்ரூஸிடம் பேசித் தொட்டிலைச் சமையலறைப் பக்கம் போடச் சொல்லிப் பார்க்கிறேன், அந்தப் பக்கம் மண் கொஞ்சம் கெட்டி என்று மாமா சொல்கிறார், அதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

இதைப் படித்துவிட்டு உடனே கிளம்பி வருகிறேன் என்று பைத்தியக்காரத்தனம் எதுவும் செய்துவிடாதே, உன்னிடம் காகிதம் இல்லை, வந்தால் திரும்ப எல்லை தாண்டி அந்தப் பக்கம் உன்னை விட மாட்டார்கள், நீ வந்து படுக்க இங்கே அறையும் இல்லை. கையுறை இல்லாமல் சுண்ணாம்பைத் தொடாதே, முழங்காலுக்கு எண்ணெய் போட்டுக் கட்டு, பகலில் ஏதாவது சூடாகக் குடி, தனியாக வெகுநேரம் அழாதே. கன்னி மரியாள் உன்னைத் தன் முந்தானைக்குள் வைத்துக்கொள்ளட்டும், நீ ஏறும் சாரம் ஆடாமல் இருக்கட்டும், நீ படுக்கும் தரை அசையாமல் இருக்கட்டும். நிற்கும் என்று சொல்ல மறந்துவிடாதே, அவர் மறுபடி கேட்டாலும் மறுபடியும் சொல்.

ஆசீர்வாதத்தோடு
உன் அம்மா செனைடா

உன் அப்பா அபுந்தியோ
(அவர் வேலைக்குப் போயிருக்கிறார், அவர் பெயரையும் நானே எழுதினேன்)